வால் முளைத்த காரும் மச்சானின் மீசையும்

கார் வைத்திருப்பவர்களைவிட, இல்லாதவர்களுக்குத்தான் கார்களைப் பற்றி அதிகம் தெரியும். அமீரகத்தின் அல் ஐனில் ஓர் அரபு முதலாளியிடம் கணக்கெழுதிக்கொண்டு பஸ்ஸில் போய்வந்த எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

முதலாளிக்குப் பழைய அமெரிக்கக் கார்கள் என்றால் பைத்தியம். என் மனைவியின் தம்பி சுரேஷுக்கு இங்கேயே பெண் அமைந்து நிச்சயதார்த்தம் என்றதும், "மாப்பிள்ளை என் காரில் போகட்டும்" என்று இரண்டை வெளியே நிறுத்தச் சொன்னார்.

ஒன்று எழுபதுகளின் லிங்கன். தாசில்தார் மாதிரி சதுர முகம், உள்ளே வெல்வெட் சோபா. இன்னொன்று ஐம்பத்தொன்பதாம் வருடத்துக் காடிலாக். பின்னால் வானத்தைப் பார்த்து நிற்கும் இரண்டு வால்கள், உடம்பெல்லாம் குரோமியப் பளபளப்பு.

"லிங்கனை எடு, அதுதான் வசதி" என்றார் முதலாளி. நான் விடுவேனா? (லைசென்ஸ்கூடக் கிடையாது, வாய்க்குக் குறைச்சலில்லை.) லிங்கன் ஆபீசுக்குப் போகிற வண்டி, காடிலாக்தான் கல்யாணத்துக்குப் போகிற வண்டி என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். "கலாஸ், பேச்சு முடிந்தது, எடுத்துக்கோ" என்று சிரித்தார்.

செப்டம்பர் மதியம். பட்டுச் சட்டையில் ஏறி உட்கார்ந்த சுரேஷ், "அத்தான், ஏசியப் போடச் சொல்லுங்க" என்றான்.

"ஏசி மாஃபி, பாய்" என்றார் முதலாளியின் டிரைவர்.

இந்த ஊரில் பஸ் நிறுத்தத்துக்குக்கூட ஏசி உண்டு. ஏசி இல்லாமல் ஒரு கார் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜன்னலைத் திறந்தால் அடுப்பு வாயில் நிற்பதுபோல் காற்று.

அதைவிடப் பெரிய ஆபத்து சுரேஷின் மீசை. முப்பத்தைந்து வயதிலேயே பாதி வெளுத்துவிட்டது. பெண் வீட்டார் அதுவரை வீடியோ காலில் மட்டும் பார்த்திருந்தது சாயம் பூசிய மீசையை. அன்று பார்லருக்குப் போக நேரமில்லாமல், தடவினால் கறுக்கும் குச்சி ஒன்றைத் தீட்டியிருந்தான்.

மண்டப வாசலில் கார் ஜொலித்தது. மாப்பிள்ளை ஒழுகினார். வாயின் இருபுறமும் கறுப்பு வழிந்து பட்டுச் சட்டையில் சொட்டியது. பெண்ணின் அத்தை ஆரத்தியைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஏங்க, எல்லாரும் பாக்காவ. இந்தச் சம்பந்தம் மட்டும் கலைஞ்சுது, நீங்க அந்தக் கார்லயே குடியிருந்துக்கிடுங்க" என்று மனைவி என் காதில் பல்லைக் கடித்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெண் கவிதாவே வந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து நீட்டினாள். "முழுசா தொடச்சிருங்க. பாதியா இருந்தாத்தான் பாக்க முடியல."

துடைத்தான். நரை மீசை வெளியே வந்தது.

"இவ்வளவுதானா? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்!" என்று அவள் சிரிக்க, மண்டபமே சிரித்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது (வியர்வை என்று சமாளித்தேன்).

சுரேஷ் அதற்குப் பிறகு சாயத்தைத் தொடவில்லை. எனக்குத்தான் விமோசனமே இல்லை. மிக்ஸி வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் வீட்டில் ஒரே கேள்விதான். போன மாதம் சுரேஷுக்கும் கவிதாவுக்கும் பெண் குழந்தை பிறந்தது. நானே கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்த தொட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதன் அருமை பெருமைகளைச் சொல்ல வாயெடுப்பதற்குள், படுத்திருந்த கவிதா கேட்டுவிட்டாள்:

"அண்ணா, இதுல ஏசி இருக்கா?"