பதினேழாம் எண்காரர்

"இன்னைக்கும் தொண்ணூத்திரெண்டு!" என்று சொல்லிக்கொண்டே மனைவி செருப்பைக் கழற்றினாள்.

தையல்காரர் துணியில் குத்த வேண்டிய ஊசியை விரலில் குத்திக்கொண்டார்.

"யாரு, அந்தப் பதினேழா?"

"அவரேதான். காலையில ஒரு நோயாளிக்கு ரெண்டாயிரம்னு காட்டுது. மெஷின் போச்சுன்னு எல்லாரும் கையைப் பிசையறாங்க. நான் பதினேழைப் போட்டுப் பார்த்தேன். தொண்ணூத்திரெண்டு! அப்போ மெஷின் சரி, அந்த ஆளுக்குத்தான் இரும்பு ஏறிக் கிடக்கு. நேரா டாக்டர்கிட்ட அனுப்பிட்டோம்."

அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக்கூடத்தில். உடம்பு இரும்பைச் சேர்த்து வைக்க ஃபெரிட்டின் என்று ஒரு புரதம் உண்டு. அதை அளப்பது அவள் பொறுப்பு. தராசைச் சரிபார்க்கப் படிக்கல் வைப்பது போல, தினமும் காலையில் அளவு தெரிந்த ஒரு ரத்தத்தை முதலில் மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள். யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த ஒரு பை ரத்தம், தெளியவைத்து, குட்டிக் குட்டிக் குப்பிகளில் உறைந்து கிடந்தது. பெயர் கிடையாது. 17 என்ற எண் மட்டும்.

"எவன் ரத்தமோ! அதுக்கு என்ன அவர் இவர்னு மரியாதை?"

"சொன்ன சொல்லுல நிக்கிறவருக்கு மரியாதை கொடுக்க வேண்டாமா? வியாழக்கிழமை சட்டை தரேன்னு சொல்லிட்டு, அதுக்கடுத்த வியாழக்கிழமை காஜா எடுக்கிறவரா அவர்?"

தையல்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆறடி ஆள்மேல் பொறாமைப்பட்டால்கூட ஒரு கௌரவம் உண்டு. இவர் பொறாமைப்பட்டது அரை விரல் நீளக் குப்பிமேல். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் தன்னை ஒரு நாளாவது இப்படிப் புகழ்ந்தாளா என்று கணக்குப் பார்த்தார். ஒரு நாளும் இல்லை.

"பதினேழு தீரப்போறார்" என்றாள் அவள், பெருமூச்சோடு. "நாப்பது குப்பிதான் பாக்கி. அடுத்த மாசம் ஒருநாள் லேபுக்கு வாங்க. உங்க ரத்தத்தையும் பார்த்துடலாம்."

அவருக்கு ஊசி என்றாலே தலை சுற்றும். போன வருஷம் ஊழியர் குடும்பத்தாரெல்லாம் ரத்தம் கொடுத்த அன்று, அந்த லேப் பெஞ்சில் அவர் மயங்கி விழுந்து மானம் போயிருந்தது. ஆனாலும் சரியென்றார். ஒப்பிட்டுப் பார்க்கத்தானே கூப்பிடுகிறாள்? பார்க்கட்டும். தொண்ணூற்றிரண்டு என்ன பெரிய தொண்ணூற்றிரண்டு?

அன்றே இரும்பு மாத்திரை வாங்கினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மனைவி பாராதபோது இன்னொன்று. பத்தாம் நாள் வயிறு கல்லாய்க் கட்டிக்கொண்டது. நடந்தால் இளகும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். நடப்பதைவிட ஓடினால் சீக்கிரம் இளகும் என்று இவர் தாமாகவே கண்டுபிடித்தார். மூன்றாம் நாள் ஓட்டத்தில் விழுந்து முழங்கால் தோல் பெயர்ந்தது. சாண் ஏற முழம் சறுக்கிய கதை. காயம் சீழ் பிடித்துப் பூசணிக்காயாய் வீங்கியது.

நொண்டிக்கொண்டே லேபுக்குப் போனார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். இந்த முறை விழவில்லை.

"முந்நூத்தி நாப்பது" என்றாள் மனைவி. முகம் வாடிவிட்டது.

"பார்த்தியா!" என்று தையல்காரர் துள்ளினார். "அவன் எங்கே, நான் எங்கே!"

"மெஷின்தான் தப்பா இருக்கணும்." அவள் அவசரமாகப் பதினேழைப் போட்டாள். தொண்ணூற்றிரண்டு. "மெஷின் சரிதான். நீங்கதான் சரியில்லை. காலைப் பாருங்க! உடம்புல வீக்கம் இருந்தா ஃபெரிட்டின் ஏறத்தான் செய்யும். மாத்திரை வேற முழுங்கினீங்களா?"

தையல்காரர் காதில் அது ஏறவில்லை. அவனை வைத்து என்னை அளக்கிறாளே என்ற ஒரே நினைப்புதான். அவள் டாக்டரைக் கூப்பிடப் போன சமயம், மேஜைமேல் இருந்த பதினேழின் பெட்டியை எடுத்துத் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டர் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பெட்டி ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்கு அடியில் போனது.

மத்தியானம் போன் வந்தது. "என்னங்க, பதினேழைக் காணோம்! நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க. பெட்டி இல்லேன்னா என் வேலையே போயிடும்..." அவள் குரல் உடைந்தது. அவள் அழுது அவர் கேட்டதேயில்லை. பொறாமை போன இடம் தெரியவில்லை. இப்படி ஒரு வேலை செய்தோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் குப்பிகளை வைத்துக்கொண்டு ஓடினார், அதாவது, நொண்டினார். பின்வாசல் வழியே நுழைந்து ஃப்ரீசர் கதவில் கை வைத்தபோது, "யாரு?" என்றது ஒரு குரல். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார்.

லேப் அட்டெண்டர். வந்தவரைப் பார்த்தார், ஃபிளாஸ்கைப் பார்த்தார், குப்பிகளை வாங்கி உள்ளே அடுக்கினார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க, நானே சொல்லிக்கிறேன்" என்றார் தையல்காரர். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. யாருய்யா இந்தப் பதினேழு? அப்படி என்ன உசத்தி ரத்தம்?"

"பேரைச் சொல்லக் கூடாது சார், லேப் சட்டம்" என்றார் அட்டெண்டர். "போன வருஷம் ஒரு பை கொடுத்துட்டு இதே பெஞ்சுல மயங்கி விழுந்தாரு. இன்னொரு பை அவர்கிட்டயே எடுக்கலாம்னுதான் மேடம் இன்னைக்குக் காலையில ஆசையா வரச் சொன்னாங்க. வந்தவரு முழங்காலை வீங்க வெச்சுக்கிட்டு முந்நூத்தி நாப்பதுல நிக்கிறாரே!"