கம்பெனிக்குச் சொந்தமான இடுப்பு

"இனிமே நான் கொடம் தூக்க மாட்டேன். என் இடுப்பு கம்பெனிக்குச் சொந்தம்" என்று அறிவித்தார் அக்கா புருஷன் பரசுராமன். அதுவரை குடத்தைத் தவிர அந்த இடுப்பு தாங்கியது லுங்கியை மட்டும்தான்.

பென்னலூரில் எங்கள் வீடு மாடியில். சாயங்காலம் தண்ணி லாரி வரும். பன்னிரண்டு குடம் மேலே ஏறியாக வேண்டும். மாமா தூக்காவிட்டால் அக்காவும் நானும்தான். எனக்கோ அடுத்த வாரம் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் பரீட்சை.

"இடுப்புக்கு இன்னா மாமா?"

"பேஸ்பாலு. எங்க கம்பெனி கொரியாக்கார மேனேஜர் டீம் எடுக்கிறாரு. பந்த அடிக்கிற பலம் கையில இல்லியாம், இடுப்புல கீதாம். வெயிட்டு தூக்குனா புடிச்சிக்கும்."

சாட்சிக்கு மேனேஜர் வரைந்த படம் சுவரில் ஏறியது. பின்காலில் பாரம், முழங்கால் மடக்கு, முதலில் இடுப்பைத் திருப்பு, கை கடைசி.

"பிசிக்ஸ் சரிதான் மாமா. குடம் தூக்கக் கூடாதுன்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

"கொரியா பாஷையில கீது. உனுக்குத் தெரியாது."

பதினாறு வருஷம் படித்ததற்கு இதுதான் மரியாதை. காலுக்குப் பலம் வேண்டுமென்று ஆட்டுக்கால் சூப் வேறு கேட்டார். அக்கா காவேரி அதையும் வைத்துக் கொடுத்தாள். மூன்று நாள் நான் வாதாடினேன். மூன்று நாளும் குடம் தூக்கினேன்.

நாலாம் நாள் லாரி வந்ததும் அக்கா, "ஏங்க, அந்த இடுப்பு வித்தைய எனக்கும் காட்டுங்களேன்" என்றாள்.

மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே நின்று துடைப்பத்தை மட்டையாகச் சுழற்றினார்.

"தொடப்பம் லேசா கீதுங்க. இடுப்பு திரும்புதான்னே தெரில. இதப் புடிங்க" என்று நிறைகுடத்தை நீட்டினாள்.

"வெயிட்டு ஆச்சே?"

"தூக்கவா சொன்னேன்? புடிச்சிக்கினு திரும்புங்க. கடசீல கைய வுட்ருங்க, நான் வாங்கிக்கிறேன்."

கீழே அவர், நடுப்படியில் அக்கா, மேலே நான். பின்காலில் சாய்ந்தார், திரும்பினார், விட்டார்.

"இப்பதான் இடுப்பு லேசா அசையுது. இன்னொரு வாட்டி."

பாடம் முடிந்தபோது பன்னிரண்டு குடமும் மாடியில் இருந்தன. மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வித்த புரிஞ்சிதா?" என்றார். "நாளைக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள் அக்கா. பத்து நாள் பாடம் நடந்தது. நான் பரீட்சையை எழுதி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். முதல் பந்து. பின்கால் ஊன்றியது, முழங்கால் மடங்கியது, இடுப்பு அட்டகாசமாகத் திரும்பியது. கடைசியில் பழக்க தோஷம், கையை விட்டுவிட்டார். மட்டை பறந்து போய் கேன்டீன் கூரையில் உட்கார்ந்தது. மேனேஜர் ஓடி வந்து, "இடுப்பு வெரி குட்" என்று கை குலுக்கி, டீமிலிருந்து பேரை அடித்துவிட்டார்.

"போச்சி காவேரி" என்று வாசலில் சரிந்தார் மாமா. தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது.

அக்கா முதல் குடத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"கம்பெனிதான் இடுப்பைத் திருப்பிக் குடுத்துட்டாங்களே. எழுந்திரிங்க."