சிவப்பில் நின்ற எக்ஸ்பிரஸ்

எக்ஸ்பிரஸ் வண்டி சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தது. சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி கண்ணாடிக்கடைக்காரர் லேப்டாப் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மூன்றில் எது முதலில் கிளம்பும் என்று சொல்வது கஷ்டம்.

"அப்பா வர்ற நேரமாச்சு. ஸ்டேஷனுக்குக் கிளம்புறீங்களா, இல்ல இதையே கட்டிக்கிட்டு அழுறீங்களா?"

"இந்த ஒரு வண்டியை அனுப்பிட்டு ஓடிடுறேன்மா."

நிஜ வண்டி என்று பயந்துவிடாதீர்கள். ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட மனிதர், சில மாதங்களாக ஒரு கணினி விளையாட்டில் சிக்னல் கேபினைக் கட்டி ஆள்கிறார். அடுத்த கேபினை எங்கோ முகம் தெரியாத ஒருவர் ஆள்வார். நடுவே இருப்பது ஒற்றைத் தண்டவாளம்; அவர் அனுமதித்தால்தான் இவர் பச்சை காட்டலாம்.

இன்றைக்கு அங்கே 'கறார்' என்ற பெயரில் ஒரு பிரகிருதி உட்கார்ந்திருந்தது.

"வழி விடுப்பா," என்று தட்டினார் இவர்.

"மரியாதையா கேளு. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு," என்று வந்தது பதில்.

"போன தடவை லேட்டா போனீங்க, அப்பா ஒரு வருஷம் உங்ககூடப் பேசல," என்றாள் மனைவி.

அது எவ்வளவு நிம்மதியான வருஷம் என்பது வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"இந்தத் தடவையும் காக்க வெச்சா அடுத்த வண்டியிலயே திரும்பிடுவாரு. நானும் கூடவே போயிடுவேன். இந்தப் பொம்மை ரயில் விஷயம் வேற தெரிஞ்சுதோ, பொண்ணைக் குடுத்த பாவத்துக்குத் தலையில அடிச்சுக்குவாரு!"

அதற்குள் எக்ஸ்பிரஸுக்குப் பின்னால் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. எக்ஸ்பிரஸைப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுக்கினார். தலை உள்ளே போயிற்று. வால் வெளியே துருத்திக்கொண்டது. சரி, வேண்டாம் என்று மறுபடி பின்னுக்குத் தள்ளினார். சரக்கு வண்டி நகர வழியில்லாமல், அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் சேர்ந்துகொண்டன.

"ஐயா, கும்பிட்டுக் கேக்கறேன்," என்று தட்டினார்.

"இப்ப மரியாதை சரி. ஆனா என் வண்டி உன் பக்கம் கிளம்பிடுச்சு. காத்திரு."

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"வேலையத்தவன்தான் அவசரப்படுவான்."

"இன்னுமா சட்டை போடுறீங்க?" என்றாள் மனைவி.

இரண்டு பக்கமும் இடி. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபத்துக் காலத்துக்கென்று இருந்த பொத்தானை அமுக்கி, அனுமதியில்லாமலே எக்ஸ்பிரஸை விரட்டினார். அது எதிரே வந்த வண்டியின் மூக்கில் போய் மோதியது. இரண்டு கேபினுக்கும் பூட்டு என்று அறிவித்தது திரை.

"எருமையே!" என்று ஒரு கடைசி வார்த்தை அனுப்பியது 'கறார்'.

பொத்தான் மாறிப் போட்ட சட்டையோடு ஸ்டேஷனுக்குள் ஓடினார். வண்டி வந்து போயே போய்விட்டது. பிளாட்பாரத்தில் ஈ காக்கை இல்லை. மாமனார் கோபித்துக்கொண்டு திரும்பியே போய்விட்டாரா? குடும்பம் கண்ணெதிரே தடம் புரண்டது.

போன் அடித்தது. மாமனார்! எடுத்துக் காதில் வைத்தார்.

"மாமா... மன்னிச்சுக்குங்க..."

"மாப்பிள்ளை, மெதுவா பேசுங்க. பக்கத்துல என் பொண்ணு இருக்காளா?" மாமனாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டு ஸ்டேஷன் தள்ளி நிக்கிறேன்... பக்கத்து கேபின்ல ஒரு எருமை, ஒழுங்கில்லாம சிக்னலை மீறி எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்து என் வண்டிமேலயே ஏத்திட்டான், அந்த ஆத்திரத்துல இறங்கவே மறந்துட்டேன்!"