பொம்மைக் குடலின் சக்கரவர்த்தி

பெரிய மருத்துவமனை என்று ஒன்று இருந்தால், அதில் ஒரு பொம்மைச் சூரர் இருப்பார். கண்டுபிடிப்பது சிரமமில்லை. சாப்பாட்டு மேசையில் வலக்கை நூடுல்ஸ் சூப்பைக் கலக்கிக்கொண்டிருக்க, இடக்கைப் பெருவிரல், அங்கே இல்லவே இல்லாத ஒரு சக்கரத்தை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருக்கும். அவரேதான்.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்து டாக்டர் நெமெசியோ ஹலாந்தோனி இந்த இனத்தில் உயர்ந்த ரகம். அவருடைய மருத்துவமனைப் பயிற்சி அறையில் ஒரு பெட்டி உண்டு. அதன் துளைக்குள், பிடியில் சக்கரம் வைத்த கேமராக் குழாயைச் செலுத்தினால் கணினித் திரையில் ஒரு குடல் விரியும். சுவரில் இடித்தால் பெட்டி முனகும். திரையின் மூலையில் வலிக்கோடு சிவக்கும். அந்தக் குடலின் வளைவும் மடிப்பும், எந்தச் சந்தில் எந்தக் கட்டி ஒளிந்திருக்கிறது என்பதும், சொந்த வீட்டில் விளக்கில்லாமல் நடப்பதைப்போல அவருக்கு அத்துப்படி. பெட்டி அவருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டது. மீதி இரண்டு எங்கே என்று பெட்டியிடமே சண்டைக்குப் போனவர் அவர்.

"காரை நிறுத்தச் சொன்னா தூண்ல இடிப்பேன்பா. குடலுக்குள்ள மட்டும்தான் நான் ராஜா" என்று தம்மையே கிண்டல் செய்துகொள்வார். சொற்களில் அடக்கம் இருக்கும். முகத்தில்? அதை ஏன் கேட்கிறீர்கள்.

கடைசியில் ஒரு நிஜ வயிறு வந்தது. மீன் விற்கும் மானாங் பெலிங்கின் வயிறு; மானாங் என்றால் அங்கே அக்கா. மலம் கழிக்கும்போது இரத்தம் போகிறது. எதனால் என்று பார்க்க வேண்டும். அதற்காக முந்தின நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, குடலைக் கழுவும் உப்பு மருந்தைக் குடம் குடமாகக் குடித்துவிட்டு வந்திருந்தார்.

"டாக், ஒரே தடவைல பாத்து முடிச்சிருங்க. அந்தத் தண்ணிய இன்னொரு வாட்டி குடிக்கச் சொன்னா நான் நேரா கடல்ல குதிச்சிருவேன்."

"கவலைப்படாதீங்க மானாங். எனக்கு வழி தெரியும்."

மேற்பார்வையாளர் டாக்டர் மோன்டினோலா பின்னால் கைகட்டி நின்றார். "கடைசிவரைக்கும் தனியா போயிட்டா நாளைலேருந்து நான் பின்னால நிக்க மாட்டேன், நெமெசியோ. நான் கை வைக்கிற மாதிரி ஆச்சுன்னா, மறுபடியும் பெட்டிதான்."

லேசான மயக்கத்தில் மானாங் இடப்புறம் சாய்ந்து படுத்திருந்தார். குழாய் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு வளைவில் நின்றது. தள்ளினால் போகவில்லை, இழுத்துத் தள்ளினாலும் போகவில்லை. நெமெசியோ பதறவில்லை. பெட்டியில் இதற்கு வைத்தியம் உண்டு: கீழே இருக்கும் மிதியை அழுத்தினால் திரைநோயாளி மல்லாந்து படுப்பார், வளைவு நிமிர்ந்துவிடும். காலால் துழாவினார். மிதி இருந்தது. அழுத்தினார்.

இந்த அறையில் அந்த மிதி தண்ணீர் பீய்ச்சுவதற்கானது. திரையெங்கும் வெள்ளம். மறுபடி அழுத்தினார். மறுபடி வெள்ளம். வலிக்கோடாவது தெரிகிறதா என்று மூலையைப் பார்த்தார். அங்கே மணிதான் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பண்றே?" என்றார் மோன்டினோலா.

"திருப்பறேன், மேடம்."

"எத?"

"அவங்கள."

"காலாலயா?"

நெமெசியோவின் காது சிவந்தது. மோன்டினோலா கட்டிய கையை அவிழ்த்தார். ஓர் எட்டு முன்னால் வந்தார். அப்போது கட்டிலிலிருந்து தூக்கக் குரல் ஒன்று கேட்டது.

"டாக்... கோவிச்சுக்காதீங்க. இடுப்பு மரத்துப்போச்சு. கொஞ்சம் மல்லாந்து படுத்துக்கட்டுமா?"

மோன்டினோலா வைத்த எட்டைப் பின்வாங்கி மறுபடி கைகட்டிக்கொண்டார்.

"படுங்க மானாங்" என்றார் நெமெசியோ. "தயவுசெஞ்சு படுங்க."

மானாங் மல்லாந்தார். வளைவு வழிவிட்டது. குழாய் கடைசிவரை போயிற்று. திரும்பி வரும்போது, பெட்டி ஒருநாளும் காட்டாத ஒரு மடிப்புக்குப் பின்னால், காளான்போல் ஒரு சிறு கட்டி இரத்தம் கசிந்தபடி நின்றது. குழாய்வழியே கம்பி வளையத்தை விட்டு மாட்டி அதை முழுசாக எடுத்தார். சக்கரத்தில் பெருவிரல் ஒருமுறைகூடத் தவறவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நீங்க கை வைக்கல மேடம்" என்றார் வெளியே வந்ததும், பாதி நம்பிக்கையோடு.

"நான் வைக்கல. அவங்க உடம்பையே வெச்சுட்டாங்க. பெட்டிக்குப் போக வேணாம், போ. ஆனா நாளைக்கும் பின்னால நிப்பேன். உன் காலைப் பாத்துக்க ஆள் வேணும்ல?"

இப்போது இந்தக் கதையை நெமெசியோவே எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால், கட்டிலில் இருப்பவரிடம் பேசாமல் குழாயைத் தொடுவதில்லை.

நமக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? நல்லது. நேற்று மாலை உங்களுக்குக் காபி வேண்டியிருந்தது அல்லவா? வாயைத் திறந்து கேட்டீர்களா, இல்லை மிதியை அழுத்துவதுபோல் சமையலறைப் பக்கம் பார்த்து ஒருமுறை இருமினீர்களா?