சோறு ஆறும்வரை ஒரு விளக்கம்

விருந்துக்குக் கூப்பிடுபவர்களில் பல இனங்கள் உண்டு. வயிறு வெடிக்கும் அளவுக்குத் திணித்துவிட்டு, "ஒண்ணுமே சாப்பிடலையே நீங்க" என்று குறைப்பட்டுக்கொள்ளும் இனம் ஒன்று. கடையில் வாங்கியதை வீட்டுப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, வந்த டப்பாக்களைப் பால்கனியில் ஒளித்துவைக்கும் இனம் இன்னொன்று. இவர்களால் ஊருக்கு ஆபத்தில்லை. எப்படியும் சாப்பாடு கிடைத்துவிடுகிறது. நாம் பார்க்கப்போவது வேறு இனம்: விளக்கத்தோடு பரிமாறுபவர்.

இவர் சோற்றை உங்கள் முன்னால் வைப்பார். அந்த நெல் எந்த வயலில் விளைந்தது, அதைப் பட்டை தீட்டாமல் விட்டதால் உங்கள் குடலுக்கு என்ன நன்மை, பக்கத்தில் இருக்கும் ஊறுகாய் எத்தனை வெயில் பார்த்தது என்பதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை உங்கள் கை தட்டுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். ஆவி அடங்கும். குழம்பில் ஏடு படியும். அவர் முகத்தில் மட்டும் வயிறு நிறைந்த களை தெரியும்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். பெங்களூரில் யாரைப் பார்த்தாலும் "ஊட்டா ஆய்தா?" என்பார்கள். சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். ஆச்சு என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். இவர் விடமாட்டார். "எந்த எண்ணெயில?" என்பார்.

பிரேசர் டவுனில், சர்ச்சுக்குப் பின்னால் போகும் தெருவில், ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருக்கும் டென்சில் இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. ஒரு பம்ப் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நட்டு எங்கிருந்து வந்தது, ஏன் வேறெங்கிருந்தும் வரவில்லை என்று மேலதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற அன்று மேலதிகாரிகள் போய்விட்டார்கள். பழக்கம் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. அதனால் இப்போது அந்த வீட்டுக்கு எண்ணெய் ஆனேக்கலில் ஒரு மரச்செக்கிலிருந்து வருகிறது. முட்டை ஹெப்பகோடியில் ஒருவர் கொல்லையிலிருந்து வருகிறது. சுவரில் தொங்கும் படங்களும் அப்படித்தான். அச்சடித்த படம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் உள்ளூர்க் கைகள் வரைந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரசங்கம் உண்டு.

"எங்க வீட்ல எல்லாம் நாங்களே செய்வோம்" என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். இதில் 'நாங்களே' என்பது அவர் மனைவி பிரிஜெட். காயவைப்பது பிரிஜெட், அரைப்பது பிரிஜெட், சலிப்பது பிரிஜெட், சமைப்பது பிரிஜெட். அதைப் பற்றிப் பேசுவது டென்சில். வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டதாகவே அவர் உளமார நம்பினார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு சனிக்கிழமை காலை அவருடைய ஒரே மகள் ஆஞ்சலா காப்பியோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஆஞ்சலா பேங்கில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் க்ளென் என்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுக்கும் இவளைப் பிடித்திருந்தது. பாக்கி இருந்தது அவன் அம்மா மௌரீன். அப்பா இல்லாத பையன். அம்மா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதோடு முடிந்தது. அந்த மௌரீன் மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து, மகனோடு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது.

"டாடி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்."

"கேளும்மா."

"அவங்க வரட்டும், உக்காரட்டும், சாப்பிடட்டும். நீங்க பேச வேணாம்."

"பேசாம எப்படிம்மா? மரியாதையாவா இருக்கும்?"

"வாங்கன்னு சொல்லுங்க. போயிட்டு வாங்கன்னு சொல்லுங்க. நடுவுல ஒண்ணும் வேணாம்."

"எண்ணெயைப் பத்தி மட்டும் ரெண்டு வார்த்தை..."

"டாடி, எனக்கு இந்தக் கல்யாணம் நடக்கணும்."

டென்சில் ஒப்புக்கொண்டார். மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர், ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்? ஆனால் நாள் முழுக்க மனம் கேட்கவில்லை. சம்பந்தம் பேச வருகிற அம்மாளுக்கு இது எப்படிப்பட்ட வீடு என்று தெரிய வேண்டாமா? மற்ற வீடுகளைப் போல இதையும் நினைத்துவிட்டால் பெண்ணின் மதிப்பு என்ன ஆவது? ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சுவரைப் பார்த்தார். வழி கிடைத்துவிட்டது. தான் பேசக்கூடாது, அவ்வளவுதானே? தட்டுகள் பேசட்டும்.

அந்தச் சுவரில் வரிசையாக மண் தட்டுகள் மாட்டியிருந்தன. ரக்ஷிதா என்று ஓவியம் படிக்கும் பெண் ஒருத்தி நடைபாதையில் விற்றவை. நீலமும் பச்சையும் மஞ்சளுமாக மயில், ஆட்டோ, பேக்கரி வாசல், மழைமரம் என்று தட்டுக்கு ஒரு காட்சி. டென்சில் அவற்றை ஒவ்வொன்றாக இறக்கினார். பிரிஜெட் வெங்காயம் உரித்தபடி வந்து பார்த்தாள்.

"என்னங்க, அது ஆணியில மாட்டற தட்டு."

"தட்டுன்னா தட்டுதான் பிரிஜெட். சாப்பிடத்தான் செஞ்சிருக்கு. கலையைச் சுவத்துல மாட்டி வெச்சா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"பின்னாடி கொக்கி இருக்கு."

"கழட்டிட்டேன்."

பிரிஜெட் வெங்காயத்துக்குத் திரும்பிப் போனாள். இந்த வீட்டில் அவள் கண்ணில் நீர் வந்தால் எதனால் என்று யாரும் கேட்பதில்லை.

ஞாயிறு வந்தது. மௌரீனும் வந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மேட்ரனாக இருந்தவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தால் வார்டே போர்வையைச் சரிசெய்துகொள்ளும். பின்னால் க்ளென், இஸ்திரி கலையாத சட்டையில்.

"வாங்க," என்றார் டென்சில். அத்தோடு வாயை மூடிக்கொண்டார். ஆஞ்சலாவுக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் மௌரீன், நாலும் தெரிந்த பெண்மணி, ஒரு மரியாதைக்காகச் சுவரில் இருந்த படம் ஒன்றைப் பார்த்து, "நல்லா இருக்கே" என்றார்.

வாசகரே, இந்த இனத்தின் வீட்டில் நீங்கள் எதைச் சொன்னாலும் சொல்லலாம். 'நல்லா இருக்கே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்டால் பதில் சொல்வது பேச்சில் சேராது என்பது டென்சிலின் சட்டம். பதில் அந்தப் படத்தில் தொடங்கி, அடுத்த படத்துக்குத் தாவி, வரைந்தவரின் குடும்பச் சூழ்நிலையில் கொஞ்சம் தங்கி, வண்ணம் குழைக்கும் முறையை விசாரித்து, பால்கனியில் இருந்த மண்சட்டிகளைச் சுற்றிவந்தது. சமையலறையிலிருந்து பிரிஜெட் இருமினாள். பாத்திரத்தைத் தட்டி ஓசை கொடுத்தாள். கடைசியில் வாய்விட்டே கூப்பிட்டாள்.

"சாப்பாடு ரெடிங்க."

"இதோ, இந்த ஒரு மூலை மட்டும்."

"மிஸ்டர் டென்சில்," என்றார் மௌரீன், "நான் சுகர் மாத்திரை போட்டுட்டேன். அது சாப்பாட்டுக்கு முன்னாடி போடற மாத்திரை."

"மாத்திரையே தேவையில்ல மேடம். எங்க வீட்டு ராகியை ஒரே ஒரு மாசம் சாப்பிட்டுப் பாருங்க."

வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு மாத்திரை கொடுத்த பெண்மணியிடம் சொன்ன வார்த்தை இது. க்ளென் கூரையைப் பார்த்தான். ஆஞ்சலா அப்பாவின் முழங்கையைப் பிடித்து, வண்டியைத் தள்ளுவதுபோல் மேசைவரை தள்ளிக்கொண்டு வந்தாள்.

மேசையில் மண் தட்டுகள். பிரிஜெட் பரிமாறினாள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, கொதிக்கக் கொதிக்கக் கைமா உருண்டைக் குழம்பு, ஓரத்தில் வெங்காயத் தயிர்ப் பச்சடி. வாசனைக்கே தெருநாய் படியேறி வந்திருக்கும். மௌரீனின் கை தட்டை நோக்கி நகர்ந்தது.

"ஜெபம் சொல்லிடலாம்," என்றார் டென்சில்.

யார் என்ன சொல்ல முடியும்? சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். விருந்தாளியிடம்தான் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆண்டவரிடம் பேசமாட்டேன் என்று கொடுக்கவில்லையே. எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே, உம்முடைய கொடைகளுக்காக நன்றி சொல்கிறோம். ஆனேக்கலில் மரச்செக்கில், சூடு ஏறாமல், மெதுவாக ஆட்டிய இந்த எண்ணெய்க்காக நன்றி சொல்கிறோம். பாக்கெட் மசாலா எதுவும் சேராமல், அடியேன் குடும்பம் தன் கையாலேயே வறுத்து அரைத்த மல்லிக்காகவும் மிளகாய்க்காகவும் நன்றி சொல்கிறோம். பட்டை தீட்டாத அரிசியை உண்ணும் ஞானத்தை இந்த நகரத்து மக்களுக்கும் தந்தருளும்..."

ஜெபம் நீண்டது. தயிரை உறைய வைத்த முறை ஆண்டவருக்கு விளக்கப்பட்டது. யாரோ ஒருவர் வயிறு நடுவில் ஆமென் சொன்னது. டென்சில் அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"...கடைசியாக, ஆண்டவரே, செயற்கை நிறம் ஒரு துளியும் கலக்காத இந்தத் தூய உணவை ஆசீர்வதியும். ஆமென்."

"ஆமென்," என்று எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

தட்டுகள் பேசியிருந்தன. கொதிக்கும் குழம்பு பட்டதும் மயில் கரைந்துவிட்டது. பச்சடி வானம்போல் நீலமாக இருந்தது. சோற்றின் அடியிலிருந்து பச்சை ஏறிக்கொண்டிருந்தது. க்ளென் தட்டில் ஆட்டோவின் மஞ்சள் கைமா உருண்டையைச் சுற்றிக் கோலம் போட்டிருந்தது.

மௌரீன் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"இது எந்த ஊர் கலர், மிஸ்டர் டென்சில்?"

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு டென்சிலிடம் பதில் இல்லை. அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல், காதலிப்பவர்களுக்கே உரிய துணிச்சலில், க்ளென் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"டேஸ்ட் நல்லாத்தான் இருக்கு, அங்கிள்," என்றான். பல் பச்சையாக இருந்தது.

"துப்புடா," என்றார் அம்மா.

மாத்திரை போட்டும் சாப்பிடாத மௌரீனின் முகம் வெளுத்துவருவதைப் பிரிஜெட்தான் பார்த்தாள். தோளைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ராகி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பேக்கரி ரொட்டியை எடுத்தாள். வெள்ளை ரொட்டி. அதற்குப் பின்னாலிருந்து ஜாம் பாட்டில் வந்தது. செக்கச்செவேல் என்று, எந்த மரத்திலும் காய்க்காத நிறத்தில். மௌரீன் நின்றபடியே இரண்டு துண்டு சாப்பிட்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"எத்தனை நாளா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"இவர் ரிட்டயர் ஆன நாள்லருந்து," என்றாள் பிரிஜெட்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு ஹாலுக்குக் கேட்டது. பிறகு சில்வர் தட்டுகள் இறங்கின. பாத்திரத்திலிருந்து நேராகச் சோறு, நேராகக் குழம்பு, ஆவி பறக்க. ஆஞ்சலா ஓடினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு க்ளெனும் ஓடினான். அடுப்பு மேடையைச் சுற்றி நின்றுகொண்டே நாலு பேரும் சாப்பிட்டார்கள்.

டென்சில் வாசற்படியில் நின்றார். கல்யாணம் கைநழுவிப்போனது, தன்னால்தான் போனது என்றே நினைத்தார். ஏதாவது சொல்லி நிமிர்த்திவிடலாமா என்று வாயைத் திறந்தார். ஆஞ்சலா திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டார். மூடியபிறகுதான் மகள் சாப்பிடுவதைப் பார்த்தார். புறங்கை வரைக்கும் குழம்பு வழிய, நக்கி நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு பிடிக்குமா இவளுக்கு?

பிரிஜெட் அவர் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்தாள்.

"உப்பு சரியா இருக்கா பாருங்க."

டென்சில் ஒரு வாய் சாப்பிட்டார். எந்த ஊர் உப்பு என்று அவருக்குத் தெரியும். சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை, அவரும் கவனித்ததில்லை. இன்னொரு வாய் சாப்பிட்டார். அப்புறம் இன்னொன்று. தட்டு காலியாகும்வரை பேசவே இல்லை. பிரிஜெட் அடுப்பை அணைக்க மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மௌரீன் கை கழுவிவிட்டு, பிரிஜெட்டின் முந்தானையிலேயே உரிமையாகத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் சமையல் பாதியாவது உனக்கு வருமா?" என்றார் ஆஞ்சலாவிடம்.

"கால்வாசி வரும், ஆன்ட்டி."

"போதும். மீதியை க்ளென் கத்துக்கட்டும். ஃபாதரைப் பாத்து ஒரு தேதி கேட்டுடலாம்." பிறகு டென்சில் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரே ஒரு கண்டிஷன். ரிசப்ஷன்ல உங்க கையில யாரும் மைக் தரக்கூடாது."

"மெனுவைப் பத்தி ஒரு சின்ன அறிமுகம் மட்டும், மேடம்..."

"ஜெபமும் ஃபாதரே சொல்லட்டும்."

டென்சில் தலையாட்டினார். மகளுக்காக மனிதன் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனம் திருந்துவதில்லை, திசை மாறும். இப்போது கல்யாணப் பத்திரிகைக்குக் கையால் செய்த காகிதம் தேடிக்கொண்டிருக்கிறார். அது எந்த நாரால் ஆனது என்று அச்சகத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

சரி, இவ்வளவு நேரம் உங்களுக்குத் தெரிந்த யாரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். இருக்கட்டும். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனவரைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். அவர் என்ன பேசினார்? எதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்? ஞாபகம் வரவில்லையா? நீங்கள் சொன்னது மட்டும், அந்த நெய் விஷயம் உட்பட, வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறதா? அப்படியென்றால் அவரை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். கண்டிப்பாக வருகிறேன் என்பார். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்பார்.