வெல்டர் பற்றறுத்த கதை

உயிருள்ளவரை அந்தக் கரி அடுப்பின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடுவதில்லை என்று வெல்டர் திங்கட்கிழமை காலையில் சபதம் செய்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் நடந்ததுதான் கதை.

பட்டறை வேலையை விட்டு வெகு காலம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் வெல்டர்தான். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நர்ஸம்மா வார்டை விட்டு வந்துவிட்டார்; வார்டுதான் நர்ஸம்மாவை விட்டுப் போகவில்லை. நாற்காலிக்கு அடியில் விரலை விட்டுத் தடவி, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அந்த விரலுக்குப் பயந்து வீட்டில் தூசி உட்காருவதில்லை. பின்பக்கச் சுவரோரம் நின்ற கரி அடுப்பு ஒன்றுதான் அந்த விரல் போகாத இடம்.

கல்யாணமான புதிதில், பட்டறையில் சும்மா கிடந்த ஓர் இரும்புப் பீப்பாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கால் வைத்து, மேலே கம்பித் தட்டு போட்டு வெல்டரே செய்த அடுப்பு அது. ஒரு பாதி அவருக்கு. மறுபாதி, அதே மாதம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த கண்ணாடிக் கடைக்காரருக்கு. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் வளர்ப்பு வேறு. கண்ணாடிக்காரர் வீட்டில் ஒவ்வொரு தடவையும் தேய்த்துத் துடைத்து வைப்பார்கள். அதைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். வெல்டர் வீட்டு அடுப்போ கறுத்துத் தடித்து, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் சந்து குறுகி, ஒட்டிச் செய்தது போலில்லாமல் மலையிலிருந்து வெட்டியெடுத்தது போல இருந்தது.

அதில்தான் ருசியே இருக்கிறது என்பது வெல்டர் கட்சி. கரி இருந்தால்தான் கறி என்பார். ஒன்றுக்குச் சின்ன ர, இன்னொன்றுக்குப் பெரிய ற என்று பிரித்து வைத்தது பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். நாக்கு அப்படியெல்லாம் பிரிப்பதில்லை என்பார். அவர் சுட்ட கறிக்கு ஊரில் பெயர் இருந்தது. மகள் புகுந்த வீட்டிலும் போய் அதைச் சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்டுக் கேட்டு, சம்பந்தி முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகச் செய்தி வந்தது. வெல்டருக்கு வேறு சொத்து இல்லை. அந்தப் பெயர் ஒன்றுதான். அடுப்பைத் தேய்க்கப் போய் ருசி போய்விட்டால், சம்பந்தி முன்னால் மூக்கு அறுந்துபோகும்.

நர்ஸம்மாவுக்குக் கவலை வேறு மாதிரி. அந்த அடுப்பைச் சம்பந்தியம்மா பார்த்துவிட்டால் தன் மூக்கு அறுந்துபோகும் என்றார். ஒரு வீட்டில் இரண்டு மூக்கு. இரண்டையும் காப்பாற்ற வழியில்லை.

இந்தச் சண்டைக்கு அடுப்பின் வயது. ஆரம்பத்தில் ஓர் ஒப்பந்தம்கூட இருந்தது. பத்து ஆனால் தேய்த்துவிட வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னார். வெல்டரும் ஒப்புக்கொண்டார். நர்ஸம்மா சொன்னது, பாத்திரத்தில் ஒட்டிக் காய்ந்து போகும் பத்து. வெல்டர் காதில் விழுந்தது, ஒன்பதுக்கு அடுத்த பத்து. பத்துத் தடவை மூட்டிய பிறகு தேய்த்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார். ஒன்பது வரைக்கும் ஒழுங்காக எண்ணுவார். அப்புறம் மழை வரும். இல்லாவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கணக்கே மறந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். இப்படியாகப் பத்து வரவே இல்லை. பத்து மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

திங்கட்கிழமை காப்பி குடிக்கும்போது பேச்சு முற்றியது.

"அது பத்து இல்லம்மா, பற்று" என்றார் வெல்டர், பெரிய றவை நன்றாக அழுத்தி. "நம்ம குடும்பமே அதுல ஒட்டிக்கிட்டு இருக்கு."

"குடும்பம் அடியில இருக்கும். மேல இருக்கறது கொழுப்பு."

"யாருக்குக் கொழுப்பு?"

"அடுப்பைச் சொன்னேங்க."

பட்டறையில் ஓர் ஒட்டுப் போட்டால் கசடைத் தட்டிக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல் என்றைக்காவது விட்டதுண்டா என்று நர்ஸம்மா கேட்டார். பதில் இல்லாத இடத்தில் மனிதர்கள் சபதம் செய்வார்கள். அவரும் செய்தார். நர்ஸம்மா கோபப்படவில்லை. சனிக்கிழமை பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற அன்றைக்கும் அவர் இந்தக் குரலில்தான் பேசுவார் என்று பழைய நோயாளிகள் சொல்வதுண்டு.

வெல்டர் மூன்று ராத்திரி புரண்டு படுத்தார். வியாழக்கிழமை விடிந்தபோது ஒரு யோசனையோடு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் நர்ஸம்மாவும் கண்ணாடிக்காரம்மாவும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சாமான் வாங்கச் சேர்ந்து கடைக்குப் போனார்கள். தெருமுனை திரும்பினார்களோ இல்லையோ, வெல்டர் பக்கத்து வீட்டுக்குள் இருந்தார். கண்ணாடிக்காரர் மெல்லிய மனசுக்காரர். கடையில் கண்ணாடி அறுக்கும்போது மூச்சை அடக்குவார். வீட்டில் மனைவி பேசும்போதும் அப்படியே. அடுப்பை மாற்றி வைக்கலாம், ஞாயிற்றுக்கிழமை விடியும்போது திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்று வெல்டர் சொன்னதும் அவருக்கு வேர்த்தது. மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

"ஒரே பீப்பாய், அதே நாலு கால். பெத்தவன் எனக்கே வித்தியாசம் தெரியாது. அவளுக்கு எங்க தெரியப்போவுது?"

இரண்டு பேரும் முனகிக்கொண்டே தூக்கி, முனகிக்கொண்டே இறக்கி வைத்தார்கள். வெல்டர் கெட்டிக்காரர். தன் வீட்டுத் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். கொஞ்சம் சோப்புத்தூளைத் தூவினார். ஒரு கன்னத்தில் கரியையும் பூசிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

திரும்பி வந்த நர்ஸம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுப்பைப் பார்த்தார். விரலால் தடவினார். விரல் சுத்தமாக வந்தது. குனிந்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தார். அவ்வளவு நேரம் பார்ப்பார் என்று வெல்டர் எதிர்பார்க்கவில்லை.

நன்றாகத் தேய்த்திருக்கிறீர்கள் என்றார் நர்ஸம்மா. அந்த வீட்டில் அப்படியொரு வார்த்தை காதில் விழுந்து எத்தனையோ காலமாயிற்று. வெல்டருக்குத் தலை சுற்றியது. எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல ஆரம்பித்தார். தோள்பட்டை கழன்றுபோயிற்று என்றார். நர்ஸம்மா தைலம் கொண்டுவந்து தோளில் தேய்த்துவிட்டார். வலிக்காத தோள் என்றாலும் அவர் இரண்டு தடவை 'அம்மா' என்று முனகினார்.

தைலத்தை மூடிக்கொண்டே நர்ஸம்மா ஒரு செய்தி சொன்னார். பக்கத்து வீட்டில் ஒரு அதிசயம் நடந்திருக்கிறதாம். காலையில் பளபளவென்று இருந்த அவர்கள் அடுப்பு, கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் ஒரே பத்தாகிக் கிடக்கிறதாம். புகை காற்றில் வந்து படிந்திருக்கும் என்று கண்ணாடிக்காரம்மாவின் வீட்டுக்காரர் சொல்கிறாராம். பாவம், அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, ரெண்டு அடுப்பும் வேணும். எங்க வீட்டுக்காரர் கையில மந்திரம் வச்சிருக்கார், அவரே வந்து தேய்ச்சுத் தருவார்னு சொல்லிட்டேங்க."

வெல்டர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் சபதமும் போகும், தைலமும் போகும். வாயை மூடினார்.

பக்கத்து வீட்டு முற்றத்தில் வாளி, சோப்பு, கம்பி பிரஷ், சுரண்டும் தகடு எல்லாம் வரிசையாகக் காத்திருந்தன. உட்கார ஒரு பலகையும் போட்டிருந்தது. "அவசரமில்ல அண்ணே, பத்து போகத் தேய்ச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரம்மா உள்ளே போனார். கண்ணாடிக்காரர் தண்ணீர் மொண்டு கொடுக்க உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தால், உள்ளே நடந்த விசாரணை நல்லபடியாக முடியவில்லை என்று தெரிந்தது.

வெல்டர் தன் அடுப்பைத் தானே சுரண்டினார். மேலே இருந்தது சீக்கிரம் வந்தது. போன வருஷத்துக் கொழுப்புதான், நர்ஸம்மா சொன்னது சரி. அதற்கும் கீழே கெட்டியாக ஓர் அடுக்கு. மகளை வழியனுப்பிய அன்றைக்கு, யாரும் சாப்பிடாமல் அத்தனையும் தட்டிலேயே கருகிப்போனது. அதுவாக இருக்கும் என்று நினைத்தார். இன்னும் கீழே, மகன் முதல் சம்பளத்தில் கறி வாங்கி வந்த சாயங்காலம். அதற்கும் கீழே, இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சோளக்கதிருக்குச் சண்டை போட்டு, கதிர் நெருப்பில் விழுந்து, எல்லோரும் அழுதது. கண்ணாடிக்காரரும் குனிந்து பார்த்து, இவன் அழுதது, அவள் சிரித்தது என்று எடுத்துக் கொடுத்தார். ஒவ்வோர் அடுக்கும் வாளியில் கறுப்புத் தண்ணீராகப் போயிற்று. வெல்டருக்குக் கண் எரிந்தது. சோப்பு என்றார். கண்ணாடிக்காரர் ஆமாம், சோப்புதான் என்றார்.

கடைசியில் இரும்பு தெரிந்தது. நடுவில் ஒரு கம்பி மட்டும் மற்றதோடு சேராமல் கோணலாகக் கிடந்தது.

"இதென்ன கோணல்? எங்க அடுப்புல எல்லாக் கம்பியும் நேராத்தானே இருந்துச்சு" என்றார் கண்ணாடிக்காரர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"நேராத்தான் இருக்கும். அது உங்க அடுப்பு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நர்ஸம்மா வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கிட்ட வந்து, குனிந்து, அந்தக் கோணல் கம்பியை விரலால் தடவினார். இந்தத் தடவை விரலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"இது நம்ம கம்பி. நான் பிடிச்சுக்கிட்டு நின்னேன், நீங்க ஒட்டுனீங்க. ஒட்டுறப்ப முகமூடியைத் தூக்கிட்டு என்னைப் பாத்தீங்க. கை நழுவிருச்சு."

வெல்டருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் மஞ்சள் புடவை. பட்டறையில் வேறு யாரும் இல்லை. திரும்ப அறுத்து ஒட்டுகிறேன் என்று அவர் சொன்னார். இருக்கட்டும் என்று அவள் சொன்னாள்.

"காலையில வீட்ல நின்ன அடுப்புல இதைத்தான் தேடினேன். காணோம்."

கண்ணாடிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார். நர்ஸம்மா புடவைத் தலைப்பால் வெல்டர் கன்னத்துக் கரியைத் துடைத்துவிட்டார். காலையில் வெல்டரே பூசிக்கொண்டது அது. இன்னும் நன்றாகத் தேய்க்க வேண்டும், கால்களுக்கு அடியில் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை வெல்டர் ஒவ்வொரு துண்டாகக் கறியைத் திருப்பினார். அத்தனை வருஷத்து ருசியும் வாளித் தண்ணீரில் போயாயிற்று. இனி சம்பந்தி என்ன சொல்வாரோ என்று கவலைப்பட்டார். சம்பந்தி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மெல்ல மென்றார். கண்ணை மூடினார். இன்னொரு துண்டை எடுத்தார்.

மருமகள் சொன்னது குறைச்சல் என்றார் சம்பந்தி. கசப்பு இல்லை, காரல் இல்லை. இதில் என்ன ரகசியம் என்று கேட்டார்.

வெல்டரும் ஒரு துண்டைச் சாப்பிட்டுப் பார்த்திருந்தார். ருசி அப்படியே இருந்தது. உள்ளதைச் சொன்னால், ஒரு பிடி கூடத்தான் இருந்தது. அத்தோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் போன மானம் திரும்பி வரும்போது கூடவே நாலு வார்த்தையையும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது.

"எல்லாம் சுத்தம்தாங்க" என்றார், நிமிர்ந்து உட்கார்ந்து. "சில பேர் வருஷத்துக்கு ஒருக்கா தேய்ப்பாங்க. நான் ஒவ்வொரு தடவையும் தேய்ச்சிருவேன். சாம்பலை அள்ளிக் கொட்டி, தட்டை ரெண்டு பக்கமும் தேய்ச்சு, எண்ணெய் தடவி வைப்பேன். அதுவும் ஆறவிடக் கூடாது. சூட்டோட ஒரு இழு இழுத்தா தன்னால உதிரும். கை கழுவுறதுக்கு முன்னால அடுப்பைக் கழுவுறவன் நான்."

கண்ணாடிக்காரருக்குப் புரையேறியது. கேட்டுக்கொள்ளுங்கள் என்று சம்பந்தியம்மா தன் வீட்டுக்காரர் விலாவில் இடித்தார். சம்பந்தி மரியாதையோடு தலையாட்டினார். எல்லோருக்கும் நறுக்கிய பழக் கிண்ணம் வந்தது. வெல்டரும் கை நீட்டினார்.

நீட்டிய கையில் நர்ஸம்மா கம்பி பிரஷ்ஷை வைத்தார்.

"பழம் எங்கயும் போயிடாதுங்க. அடுப்பு இன்னும் சூடாத்தான் இருக்கு."