மூவேளையாரின் மூடிய கண்கள்

கண்ணுகளா, சேர்வராயன் மலையில் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்து வண்டி ஓட்டியவர்கள் ஆயிரம் பேர். வளைவுக்கு வளைவு சிலுவை அடையாளம் போட்டு ஓட்டியவர் ஒருவர்தான். ஞானஸ்நானத்தில் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, எங்கள் ஜீப் ஸ்டாண்டில் அவர் மூவேளையார்.

காலை ஆறு, நடுப்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. மூன்று வேளையும் கோயில் மணி அடிக்கும்போது மாதாவுக்குச் செபம் சொல்வது பழைய கத்தோலிக்கர் வழக்கம். மற்றவர்கள் வீட்டில் சொல்வார்கள். இவர் செம்மநத்தம் ரோட்டில், ஆட்களை அடைத்து ஏற்றிய ஜீப்பை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங் மேல் கைகூப்பிக் கண்ணை மூடிச் சொல்வார். மணி கேட்காத தூரத்திலும் அவருக்கு மட்டும் கேட்கும்.

"ஏனுங்க, நீங்க முடிக்கறதுக்குள்ள எங் கோழி முட்டை வெச்சுருமுங்க" என்றாள், கூடையோடு வந்த ஓர் அம்மா. வைத்தும் விட்டது.

மூவேளையார் கண்ணைத் திறந்தார். "செபத்துல வந்த முட்டைங்க. பத்தரமாக் கொண்டு போங்க."

ஜீப் வாங்கிய அன்றே பாட்டுப்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த ஓட்டையில் மாதா படத்தைச் செருகினார். வெள்ளிக்கிழமை கறிக்குழம்பு வாசம் வந்தால் மூக்கைப் பொத்துவார். எங்காவது ஸ்பீக்கரில் சினிமாப்பாட்டு ஓடினால் காதில் பஞ்சு. பின்னால் வரும் பஸ்காரர் ஹார்ன் அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். டீக்கடையில் டிவிக்கு முதுகைக் காட்டியே டீ குடிப்பார்.

அந்த முதுகுக்கு மட்டும் ஒரு காரணம் இருந்தது. மகள் பிலோமிக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து, பிழைப்பதே சந்தேகம் என்றார்களாம். அப்போது அவருக்கு சினிமா என்றால் உயிர். பிள்ளை பிழைத்தால், திரையில் ஓடும் எந்தப் படத்தையும் இனிக் கண்ணால் பார்ப்பதில்லை என்று மாதாவுக்கு வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டார்.

பிலோமி பிழைத்தாள். நர்ஸ் ஆனாள். கல்யாணமாகிப் புருஷனோடு வெளிநாடு போனாள். மூன்று வருடமாக வர முடியவில்லை. தாயும் இல்லாத பெண். ஞாயிறுதோறும், அதே ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் என் போனில் வீடியோ காலில் வருவாள். போனும் திரைதானே என்று இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பேசுவார்.

"அப்பா, ஒருக்காக் கண்ணத் தொறங்கப்பா. பாப்பாவுக்குப் பல்லு மொளச்சிருக்குது."

"சொல்லு சாமி, காதுல கேக்குது."

பேசி முடித்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்பார்: "பல்லு எத்தனைங்க தம்பி? மேலயா, கீழயா?"

போன தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, மாதாவும் புள்ள பெத்தவங்கதானுங்களே. போயி கோயில் சாமியாரக் கேளுங்க" என்றேன். போனார். சாமியார் சிரிக்கவில்லையாம். அந்த வார்த்தைப்பாட்டுக்குப் பதிலாகத் தினமும் ஒரு செபமாலை சொன்னால் போதும், மகளை இன்றைக்கே பாருங்கள் என்றாராம்.

இன்றைக்கே பார்த்தால் அவர் மூவேளையாரா? தவக்காலத்தில் அத்தனை பெரிய சந்தோஷம் கூடாதாம்.

"ஈஸ்டர் பூசை முடிஞ்சு பாத்துக்கலாமுங்க தம்பி. இன்னம் பன்னெண்டு நாளுதானே."

வெள்ளைச் சட்டை தைத்தார். முடி வெட்டினார். போனில் முகம் கறுப்பாகத் தெரியுமா என்று ஸ்டாண்டில் ஒருவர் விடாமல் விசாரித்தார்.

பெரிய வியாழன் முதல் ஈஸ்டர் வரை கோயிலில் மணி அடிப்பதில்லை. ஆனாலும் ஈஸ்டருக்கு முதல் நாள், சனிக்கிழமை பன்னிரண்டுக்கு அவர் ஜீப் வளைவில் நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. ஸ்டியரிங் மேல் கூப்பிய கை, கைமேல் நெற்றி. உள்ளே இருந்தவர்கள் வழக்கம்போலக் காத்திருந்தார்கள். கால்மணி நேரம் ஆயிற்று. "இன்னிக்கு நொம்பப் பெரிய செபமாட்ட இருக்குது" என்று ஒருவர் சிரித்தும் இருக்கிறார். அதற்குப் பிறகுதான் தொட்டுப் பார்த்தார்கள்.

அடக்கத்துக்குப் பிலோமியால் வர முடியவில்லை. நான் போனைப் பெட்டிக்கு நேராகப் பிடித்தேன். அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எப்பவும் போலத்தான் இருக்காருங்க சித்தப்பா. கண்ண மூடிக்கிட்டு."

பிறகு பாப்பாவைத் தூக்கி முன்னால் காட்டினாள். "மேல ரெண்டு, கீழ நாலுங்கப்பா" என்றாள்.

கண்ணுகளா, இப்போதும் அந்த வளைவில் பன்னிரண்டு மணிக்கு நான் ஜீப்பை நிறுத்துகிறேன். எனக்கு அந்தச் செபம் தெரியாது. கண்ணை மட்டும் நன்றாகத் திறந்து வைத்துக்கொள்கிறேன், அவருக்கும் சேர்த்து.